பழையது வேறு, ஊசிப்போனது வேறு: சிறு செய்தித் தளத்துக்கு எந்தக் கேஷ்?

ஐப்பசி, கார்த்திகையில் இரவெல்லாம் மழை கொட்டினால், மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கே தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா? மாவட்ட ஆட்சியர்கள் ஒவ்வொருவராக அறிவிப்பார்கள். முதலில் இரண்டு மாவட்டம், அப்புறம் ஐந்து, ஏழு மணிக்குள் ஒன்பது என்று பட்டியல் வளரும். நான் பராமரிக்கும் சிறு செய்தித் தளத்தில் அந்த நேரத்தில் எல்லோரும் திறப்பது அந்த ஒற்றைப் பக்கத்தைத்தான். திறந்ததோடு விடமாட்டார்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் இழுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் சர்வர் பெரியதல்ல. 2 ஜிபி நினைவகத்தோடு வாடகைக்கு எடுத்த ஒரு விபிஎஸ், அதாவது பெரிய சர்வரில் தனியாகப் பிரித்துத் தரும் ஒரு பங்கு. அதில் கோரிக்கைகளை வாங்கிப் பதில் தரும் என்ஜின்எக்ஸ், பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி, தரவுத்தளமான மரியாடிபி, அதன்மேல் செய்திகளை எழுதி வெளியிட உதவும் வேர்ட்பிரஸ். ஒரு பக்கத்தைத் தயாரிக்க பிஎச்பிக்கு 400 மில்லிவினாடி பிடிக்கிறது. ஒரே சமயத்தில் 4 பிஎச்பி பிராசஸ்தான் ஓட முடியும். கணக்குப் போட்டால் வினாடிக்கு 10 பக்கம். மழைக் காலையில் வினாடிக்கு 150 கோரிக்கை வரும்போது மீதி 140 வரிசையில் நிற்கும், வரிசை நீள நீள வாசகருக்கு 502, 504 என்ற பிழைப் பக்கம்தான் கிடைக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உலை வைப்பது போன்ற வேலை இது. எல்லோரும் கேட்பது ஒரே பக்கம் என்னும்போது, ஒருமுறை வடித்து வைத்துவிட்டுப் பரிமாறலாம். கேஷ் என்பது அவ்வளவுதான்.

வடித்ததை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். வாசகரின் பிரவுசரிலேயே வைக்கலாம். வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரலான பிளகின் மூலம் கோப்பாக வைக்கலாம். என்ஜின்எக்ஸிடம் கொடுக்கலாம். வார்னிஷ் என்று தனியாக ஒரு புரோகிராமை நிறுத்தலாம். கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன்னிடம், அதாவது பல ஊர்களில் நகல்களை வைத்துப் பரிமாறும் வலையமைப்பிடம், விடலாம். ரெடிஸ் என்றும் ஒரு பெயர் அடிபடும். இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் எது வேகம் என்று பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அது அவ்வளவு பயன்படாத கேள்வி. தயாராக இருக்கும் நகலை எடுத்துக் கொடுக்க இவற்றில் எதற்கும் 400 மில்லிவினாடி தேவைப்படாது, சில மில்லிவினாடியே போதும். அதற்குள் இருக்கும் வேறுபாடு வாசகரின் கைப்பேசியில் தெரியாது.

நான் பார்ப்பது வேறு. நேற்றைய சோற்றில் நீரூற்றி வைத்தால் அது பழையது. மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். அதுவே கெட்டுப்போனால் ஊசிப்போனது, கொட்டத்தான் வேண்டும். இணையப் பக்கமும் அப்படித்தான். கோயில் வரலாறு பற்றிய கட்டுரையின் நகல் ஒரு நாள் முந்தையதாக இருந்தாலும் அது பழையதுதான், யாருக்கும் கெடுதல் இல்லை. மழை விடுமுறைப் பக்கத்துக்கு 10 வினாடி பழையது, அரை மணி நேரம் ஊசிப்போனது. ஆகவே ஒவ்வொரு கேஷிடமும் நான் கேட்பது இரண்டு கேள்விகள்: பழையதை எவ்வளவு நேரம் வைத்திருப்பாய்? ஊசிப்போனால் என் கையால் எடுத்துக் கொட்ட முடியுமா?

பிரவுசர் கேஷில் இரண்டாவது கேள்விக்கு விடை, முடியாது என்பதே. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் உறுத்துகிறது. தளத்தை எடுத்து நடத்தத் தொடங்கிய முதல் மழைக்காலத்தில், சர்வரின் சுமையைக் குறைக்க எல்லாப் பக்கத்துக்கும் மேக்ஸ்-ஏஜ் 3600 என்று, பக்கத்தோடு சேர்ந்து போகும் குறிப்பான கேஷ்-கன்ட்ரோல் தலைப்பில் எழுதியிருந்தேன். ஒரு மணி நேரம் கைப்பேசியிலேயே வைத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். காலை 6:10க்கு எங்கள் பக்கத்தில் ஒரு மாவட்டத்துக்கு ‘விடுமுறை இல்லை’ என்று இருந்தது. 6:40க்கு ஆட்சியர் விடுமுறை அறிவித்தார். உடனே திருத்தினோம், சர்வரில் இருந்த நகலையும் அழித்தோம். ஆனால் 6:10க்குப் படித்தவர்களில் பலர், மறுபடி எங்கள் இணைப்பைத் தொட்டபோது, தங்கள் கைப்பேசியில் இருந்த நகலையே 7:10 வரை பார்த்தார்கள். அந்த நகலை என்னால் எட்டவே முடியவில்லை. மழையில் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கூட்டிப்போய்த் திரும்பிவந்த ஓர் அம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் போட்டதைத்தானே பார்த்தேன்” என்றார். அவர் சொன்னது சரி.

அதனால் பிரவுசரில் வைக்க வேண்டியது மாறவே மாறாத பொருள்களை மட்டும். எழுத்துரு, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படம் ஆகியவற்றின் பெயரிலேயே பதிப்பைக் குறிக்கும் எழுத்துகளைச் சேர்த்துவிட்டால், உள்ளடக்கம் மாறும்போது பெயரும் மாறிவிடும். அப்படிப்பட்ட கோப்புக்கு 31536000 வினாடி, அதாவது ஒரு வருடம் கொடுக்கலாம். எச்டிஎம்எல் பக்கத்துக்கு நோ-கேஷ் போதும். இந்தப் பெயர் பலரைக் குழப்பும். நோ-கேஷ் என்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் கேட்காமல் காட்டாதே என்று பொருள். வைத்துக்கொள்ளவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர் தனியாக இருக்கிறது. எச்டிடிபி கேஷ் விதிகளை இப்போது வரையறுக்கும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9111 (2022) இதைத் தெளிவாகவே சொல்கிறது.

அடுத்தது பிளகின். பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு, சர்வர் அமைப்பைத் தொட அனுமதி இல்லாததால், பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி. வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல வழிதான். டபிள்யூபி சூப்பர் கேஷ் போன்றவை பக்கத்தை எச்டிஎம்எல் கோப்பாக எழுதி வைத்துவிடும். சரியாக அமைத்தால் அடுத்த வாசகருக்கு பிஎச்பியை எழுப்பாமலே சர்வர் அந்தக் கோப்பைக் கொடுத்துவிடும். ஹோஸ்டிங் நிறுவனம் லைட்ஸ்பீடு சர்வர் வைத்திருந்தால் அதற்குரிய பிளகின் இன்னும் மேல். பிளகினின் பெரிய பலம், அது வேர்ட்பிரஸுக்குள்ளேயே குடியிருப்பது. கட்டுரையைத் திருத்திய கணமே அதற்குத் தெரியும், தானே பழைய கோப்பை நீக்கிவிடும்.

அதே பலம்தான் மழைக் காலையில் காலை வாருகிறது. கோப்பு நீங்கிய அந்த வினாடியில் 150 பேர் வாசலில் நிற்கிறார்கள். புது நகல் தயாராவதற்குள் வருகிற ஒவ்வொருவருக்காகவும் பிஎச்பி தனித்தனியாக அதே பக்கத்தைத் தயாரிக்கத் தொடங்கும். கூட்டம் வருவதும் பக்கம் மாறுவதும் ஒரே நேரத்தில். செய்தித் தளத்தின் தலைவிதியே அது. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியபோது விக்கிப்பீடியாவுக்கே இந்த நிலை வந்தது. ஒரு பக்கம் ஆசிரியர்கள் விடாமல் திருத்திக்கொண்டிருக்க, ஒவ்வொரு திருத்தத்துக்கும் கேஷ் காலியாக, மறுபக்கம் உலகமே அந்தப் பக்கத்தைக் கேட்க, பல சர்வர்கள் ஒரே நேரத்தில் அதே நீண்ட கட்டுரையைத் திரும்பத் திரும்பத் தயாரித்துத் திணறின. அதற்குப் பிறகு விக்கிமீடியா பொறியாளர்கள் ‘பூல்கவுண்டர்’ என்ற ஒன்றை எழுதினார்கள். ஒரு பக்கத்தை ஒருவர் தயாரித்தால் மற்றவர்கள் காத்திருக்கட்டும், இல்லையேல் பழைய நகலை வாங்கிக்கொள்ளட்டும் என்பதே அதன் வேலை.

அதே ஏற்பாட்டை என்ஜின்எக்ஸ் சில வரிகளில் தருகிறது என்பதால்தான் எனக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம். எப்படியும் முன்வாசலில் என்ஜின்எக்ஸ்தான் நிற்கிறது, புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். பிஎச்பி தரும் பதிலை வைத்துக்கொள்ளும் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷை இயக்கி, ஒரு பக்கத்தின் ஆயுளை 10 வினாடி என்று வைத்தேன். 10 வினாடியில் என்ன பெரிய மிச்சம் என்று தோன்றும். வினாடிக்கு 150 என்றால் நிமிடத்துக்கு 9000 கோரிக்கை. அந்த 9000க்கும் பிஎச்பி வேலை செய்வது நிமிடத்துக்கு 6 தடவைதான். அத்துடன் ‘லாக்’ என்ற அமைப்பைச் சேர்த்தால், நகல் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கைதான் பிஎச்பியிடம் போகும், மற்றவை நிற்கும். ‘யூஸ் ஸ்டேல்’, ‘பேக்கிரவுண்ட் அப்டேட்’ இரண்டையும் சேர்த்தால் யாரும் நிற்கக்கூட வேண்டாம். பின்னால் புதுப் பக்கம் தயாராகும்வரை பழையதையே எல்லோருக்கும் பரிமாறும். பிஎச்பியோ தரவுத்தளமோ விழுந்துவிட்டாலும், பிழைப் பக்கத்துக்குப் பதில் கடைசியாக இருந்த நல்ல நகல் கிடைக்கும்.

குறை என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட பக்கத்தை இப்போதே அழி என்று சொல்லும் கட்டளை அதன் திறந்த மூலப் பதிப்பில் உள்ளமைவாக இல்லை, வணிகப் பதிப்பில்தான் உண்டு. மூன்றாம் தரப்பு மாட்யூலைச் சேர்க்கலாம், நான் சேர்க்கவில்லை. ஆயுளே 10 வினாடி என்றால் அழிக்க என்ன அவசரம்? திருத்திய செய்தி அந்த நேரத்துக்குள் தானாகவே போய்ச் சேரும். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில், பழையதை முதலில் கொடுத்துவிட்டுப் பின்னால் புதுப்பிக்கும் இந்த முறை, மணிக்கணக்கில் கிடந்த நகலை அடுத்து வரும் முதல் வாசகருக்குக் காட்டிவிடும். கூட்டம் உள்ள பக்கத்தில் இந்தச் சிக்கல் வராது. மற்றவற்றுக்காக ஒரு மணி நேரம் யாரும் தொடாத நகலைத் தூக்கி எறியும்படி ‘இன்ஆக்டிவ்’ அளவை வைத்திருக்கிறேன்.

இயக்கியவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் நாள் பார்த்தபோது கேஷிலிருந்தே பதில் போன ஹிட் ஒன்று கூட இல்லை, எல்லாமே பிஎச்பி வரை போன மிஸ். காரணம் ஒரு கருத்துக்கணிப்பு பிளகின். யார் வந்தாலும் அது பிஎச்பி செஷனைத் தொடங்கி, அவருக்கென்று தனி அடையாளக் குறியைத் தரும் செட்-குக்கி தலைப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. செட்-குக்கி இருக்கும் பதிலை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே கேஷில் வைக்காது, வைக்கவும் கூடாது. பிளகினைக் கழற்றினேன். அப்போதும் பாதிக்குமேல் மிஸ். ஃபேஸ்புக்கிலிருந்து வருபவர்களின் முகவரி வாலில் ‘எஃப்பிகிளிட்’ என்று ஒரு நீளமான குறியீடு ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொரு சொடுக்குக்கும் வேறு வேறு. கேஷைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் தனிப் பக்கம். நகலை அடையாளம் காண உதவும் கேஷ் சாவியிலிருந்து அந்த வாலை வெட்டிய பிறகுதான் எண்கள் சரியாயின. எந்தக் கேஷைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

வார்னிஷ் மேல் எனக்கு மரியாதை அதிகம். நார்வேயின் வெர்டென்ஸ் காங் நாளிதழுக்காக, ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர் பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதி 2006இல் வெளிவந்தது அது. செய்தித் தளத்துக்காகவே பிறந்தது என்பது பயன்படுத்தும்போது தெரியும். பழையதைப் பரிமாறும் கால அளவுக்கு அதில் ‘கிரேஸ்’ என்று பெயர். ஆனால் அதன் உண்மையான பெருமை அழிப்பதில்தான் இருக்கிறது. ஒரு செய்தியைத் திருத்தினால் அந்தப் பக்கம் மட்டுமா மாறுகிறது? முகப்பு மாறும், மாவட்டப் பக்கம் மாறும், ஆர்எஸ்எஸ் என்ற செய்தி ஓடை மாறும். பதிலின் தலைப்பில் செய்தி எண்ணை எழுதி அனுப்பினால், அந்த எண் இருக்கும் எல்லா நகலையும் ஒரே கட்டளையில் தள்ளுபடி செய்ய வார்னிஷில் முடியும். அதனால் ஆயுளை மணிக்கணக்கில் வைத்துவிட்டு, மாறும்போது மட்டும் அழிக்கலாம்.

ஆனால் அதற்கு ஆள் வேண்டும். விசிஎல் என்ற அதன் மொழியைக் கற்க வேண்டும். டிஎல்எஸ் குறியாக்கத்தை வழக்கமாக அது பார்க்காது, அதைச் செய்ய முன்னால் ஹிட்ச் என்ற புரோகிராமோ என்ஜின்எக்ஸோ நிற்க வேண்டும். நகல்களை நினைவகத்தில் வைக்கும் வழக்கமான அமைப்பில், மறுதொடக்கம் செய்தால் கேஷ் காலி. 2 ஜிபி சர்வரில் பிஎச்பியோடும் தரவுத்தளத்தோடும் அதுவும் இடத்துக்குப் போட்டி போடும். இரண்டு மூன்று நிரலாளர்கள் உள்ள, நாளுக்குப் பல நூறு செய்தி போடும் நாளிதழுக்கு நான் தயங்காமல் வார்னிஷைச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்குத் தனியாளாகப் பழுது பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

சிடிஎன்னின் கதை தனி, அது தீர்ப்பது தூரத்தை. எங்கள் வாசகர்களில் கணிசமானோர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை அவர்களுக்குத் தேவையில்லை, ஊர்ச் செய்தி தேவை. இந்தியாவிலிருக்கும் சர்வருக்கும் டொரண்டோவுக்கும் ஒருமுறை போய்வரவே 200 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். இணைப்பு தொடங்க ஒரு தடவை, டிஎல்எஸ்ஸுக்கு ஒரு தடவை, பக்கத்தைக் கேட்க ஒரு தடவை என்று மூன்று தடவை போய்வந்தால், சர்வர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அரை வினாடிக்கு மேல் போய்விடும். நகல் அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இது குறையும். முதன்மை சர்வர்களை அமெரிக்காவில் வைத்திருக்கும் விக்கிமீடியா, ஆசிய வாசகர்களுக்காக 2018இல் சிங்கப்பூரில் கேஷுக்கென்றே ஒரு மையம் திறந்ததும் இதற்காகத்தான்.

கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டமே எங்களைப் போன்றவர்களுக்குப் போதும். சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. ஆனால் பலர் அதில் சேர்ந்துவிட்டு, எல்லாம் கேஷாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். படம், சிஎஸ்எஸ் போன்ற கோப்புகளைத்தான் அது இயல்பாக வைத்துக்கொள்ளும், எச்டிஎம்எல்லை வைக்காது. மழைக் காலையின் 150 கோரிக்கையும் அப்படியே உங்கள் சர்வருக்குத்தான் வரும். எச்டிஎம்எல்லையும் வைக்கச் சொல்லி விதி எழுதலாம். அந்த விதியை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கினால் நல்லது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில், தாக்குதலைச் சமாளிக்கக் கேஷ் அமைப்பை மாற்றியபோது அது தவறாகப் போய், உள்நுழைந்தவர்களின் பக்கங்கள் மற்றவர்களுக்குக் காட்டப்பட்டன. சுமார் 34,000 பேரின் பக்கம் அப்படி வெளியானதாக அதை நடத்தும் வால்வ் நிறுவனமே சொன்னது. சிலரின் பில் முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பக்கங்கள் பழையவையும் அல்ல, ஊசிப்போனவையும் அல்ல. வேறொருவர் இலைக்குப் போனவை. உள்நுழைந்தவர் குக்கி இருந்தால் கேஷைத் தாண்டிப் போ என்ற வரி முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, சிடிஎன் விழுந்தால் உங்கள் சர்வர் நன்றாக இருந்தும் தளம் விழும். 2021 ஜூன் 8 அன்று, ஒரு வாடிக்கையாளர் செய்த முறையான அமைப்பு மாற்றம் மறைந்திருந்த பிழையைத் தூண்டிவிட்டதில், ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன்னின் வலையமைப்பில் 85 சதவீதம் பிழையைத் திருப்பி அனுப்பியது. கார்டியன் நாளிதழும் பிரிட்டிஷ் அரசுத் தளமும் கூடத் தப்பவில்லை. 49 நிமிடத்தில் 95 சதவீதத்தை மீட்டுவிட்டார்கள். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேருக்கும் பெரிய கோளாறு வந்தது. இதற்காக சிடிஎன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் 2 ஜிபி சர்வர் ஒரு வருடத்தில் விழும் நேரத்தை நேர்மையாகக் கூட்டிப் பார்த்தால் அவர்கள் எவ்வளவோ மேல்.

ரெடிஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தரவுத்தளக் கேள்விகளின் விடைகளை வைத்துக்கொள்கிறது, முழுப் பக்கத்தை அல்ல. பிஎச்பி ஓடித்தான் ஆக வேண்டும். 400 மில்லிவினாடி பாதியாகக் குறைந்தாலும் வினாடிக்கு 20 பக்கம்தான், 150க்கு எங்கே போவது? கடை, மன்றம், உள்நுழைந்து பயன்படுத்தும் தளம் என்று ஆளுக்கு ஆள் பக்கம் மாறும் இடத்தில் அது அவசியம். எங்களைப் போல எல்லோருக்கும் ஒரே பக்கம் என்றால் கடைசியில் யோசிக்கலாம்.

சரி, நான் எதை எடுத்தேன்? என்ஜின்எக்ஸில் 10 வினாடி. அதன் முன்னால் கிளவுட்ஃபிளேர், எச்டிஎம்எல்லையும் கேஷ் செய்யும் விதியோடு. மாதம் தாண்டிய கட்டுரைகளுக்கு அங்கே ஒரு மணி நேர ஆயுள், அன்றைய செய்திகளை வைக்கவே வேண்டாம் என்று. சிடிஎன்னிலும் வைத்தால் பழமை கூட்டுத்தொகையாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. அங்கே 60 வினாடி, இங்கே 10 என்றால் வாசகர் பார்ப்பது 70 வினாடி பழையதாகவும் இருக்கலாம். பிரவுசரில் பக்கத்துக்கு நோ-கேஷ், கோப்புகளுக்கு ஒரு வருடம். பிரவுசருக்கு ஒன்றும் என்ஜின்எக்ஸுக்கு வேறொன்றும் சொல்ல, எக்ஸ்-ஆக்செல்-எக்ஸ்பயர்ஸ் என்ற தலைப்பை வேர்ட்பிரஸிலிருந்து அனுப்புகிறேன். கேஷ்-கன்ட்ரோலில் என்ன இருந்தாலும் என்ஜின்எக்ஸ் இதைத்தான் மதிக்கும். வார்னிஷும் ரெடிஸும் இல்லை. பகிர்வு ஹோஸ்டிங்கில் இருக்கும் நண்பர் கேட்டால் பிளகினும் கிளவுட்ஃபிளேரும் போதும் என்பேன். வாசகர்கள் எல்லோரும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் தளமென்றால் சிடிஎன்னையும் விட்டுவிடலாம்.

கேஷை அமைத்தபின் பக்கத்தின் வார்ப்புருவில் ஒரு திருத்தமும் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் தீம் செய்தியின் மேலே ‘2 நிமிடங்களுக்கு முன்’ என்று போட்டுக்கொண்டிருந்தது. அந்த 2 நிமிடம் நகலோடு சேர்ந்து உறைந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 2 நிமிடம் என்றே சொல்லும். அதை எடுத்துவிட்டு ‘கடைசியாகத் திருத்தியது: காலை 6:42’ என்று மணியாகவே அச்சிடுகிறோம். கைப்பேசியில் பார்க்கும் அம்மாவோ அப்பாவோ, சுவரில் இருக்கும் கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, இன்னொருமுறை இழுத்துப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.